குற்றம் யாருடையது?

மருந்து கொடுத்தார்கள். நோய் தீரவில்லை. குற்றம் யாருடையது?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. பழைய விடை, "விதி!" என்பது. முற்பிறப்பில் செய்த பாவம் இப்பிறப்பில் இருமலாக வந்தது என்று சொல்லிவிட்டு, நோயாளியின் கையில் திருநீற்றுப் பொட்டலத்தைத் திணித்து அனுப்பிய விடை அது. புதிய விடை, "அலட்சியம்!" என்பது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை. மருத்துவர் சொல்லைக் கேட்கவில்லை. அனுபவிக்கட்டும் என்று கைகழுவும் விடை இது. முன்னது கோயில் வாயிலில் பிறந்தது. பின்னது மருத்துவமனை வாயிலில் பிறந்தது. பிறந்த இடம் வேறு. பேசும் பேச்சு ஒன்று. இரண்டுமே, படுத்துக் கிடப்பவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்பன அந்நான்கு. நான்கு கால்களில் நிற்கும் கட்டில் சாய்ந்தால், எந்தக் கால் ஒடிந்தது என்று பார்ப்பதுதானே அறிவுடைமை? நாமோ முதற்காலை மட்டும் உதைக்கிறோம். மூன்றாவது காலாகிய மருந்தின்மீது ஐயம் கொள்ள நமக்குத் தோன்றுவதே இல்லை. விழுங்கிய மருந்து, போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? இதைக் கேட்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சித் துறை இருக்கிறது. உடலுக்குள் மருந்தை உரிய இடத்தில், உரிய அளவில், உரிய நேரத்தில் சேர்ப்பிக்கும் வழியை ஆராயும் துறை அது. அதனை வேதியியல் என்று மட்டும் எண்ணுவோர் அதன் பாதியைத்தான் அறிவர். மறுபாதி அறவியல் என்பதே நம் வாதம்.

உடலுக்குள் ஒரு நெடுஞ்சாலை

கப்பலூர்ச் சுங்கச்சாவடியை அறியாதார் மதுரை வட்டாரத்தில் இலர். சரக்கு ஏற்றி வரும் லாரி அங்கே நின்று, கட்டணம் செலுத்திய பிறகே நகரும். மருந்தும் அப்படித்தான் பயணம் செய்கிறது. அதன் சாலையில் சாவடிகள் பல. ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டே வழிவிடும்.

காசநோய் மருந்தையே எடுத்துக்கொள்வோம். கப்பலூருக்கு அண்மையில், தோப்பூரில், காசநோயாளருக்கென்றே அரசு மருத்துவமனை ஒன்று இருப்பதால் இந்த நோய் நம் பகுதி மக்களுக்குப் புதிதன்று. வாயில் இட்ட மாத்திரை முதலில் இரைப்பையின் அமிலத்தில் விழுகிறது. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்னும் இரண்டு முதன்மை மருந்துகளும் அந்த அமிலத்தில் ஒன்றாகக் கரையும்போது ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. ரிஃபாம்பிசினில் ஒரு பங்கு குருதியை எட்டுமுன்பே சிதைந்து போகிறது. இதனை இந்திய மருந்தியல் ஆய்வாளர்களே விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். உணவோடு சேர்த்து உண்டால் ரிஃபாம்பிசின் உறிஞ்சப்படுவது மேலும் குறையும். வெறும் வயிற்றில் உண்டாலோ பலருக்குக் குமட்டும்.

அடுத்த சாவடி கல்லீரல். அங்கே ஐசோனியசிட் மருந்தை ஒரு நொதி பிடித்து, வீரியமற்ற பொருளாக மாற்றுகிறது. இந்த நொதி சிலர் உடலில் விரைந்து வேலை செய்யும். சிலர் உடலில் மெல்ல வேலை செய்யும். பெற்றோர் வழியாக வரும் இயல்பு அது. ஒரே மாத்திரை, ஒரே நேரம், ஒரே ஒழுங்கு. ஆயினும் ஒருவர் குருதியில் மருந்து நெடுநேரம் நிற்கும், மற்றவர் குருதியிலோ விரைவில் வடிந்துவிடும்.

இறுதிச் சாவடி நுரையீரலின் புண். காசக் கிருமி, உடலைக் காக்கவேண்டிய அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். புண்ணின் நடுவே குருதி ஓட்டமும் குறைவு. குருதி செல்லாத இடத்துக்குக் குருதியில் வரும் மருந்து எப்படிச் செல்லும்? இத்தனை சாவடிகளையும் கடந்து சென்ற மிச்சமே கிருமியோடு போர் புரிகிறது.

இப்பொழுது முதற்கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். விரைவாக மருந்தைச் சிதைக்கும் கல்லீரலோடு பிறந்த ஒருவர், நாள் தவறாமல் விழுங்கியும் நலம்பெறவில்லை எனில், அவரை நோக்கி "அலட்சியக்காரன்" என்று கூறுவது அறமாகுமா?

சென்னை தந்த தீர்ப்பு

வழக்கைச் சான்றுகளோடு விசாரிக்க வேண்டாமா? சான்று தொலைவில் இல்லை. நம் தலைநகரத்திலேயே இருக்கிறது.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் கைகோத்து அமைத்த நிலையம். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் விளங்குவது அதுவே. மதுரையிலும் அதன் பிரிவு உண்டு.

அந்நாளில் மருத்துவ உலகில் வேரூன்றியிருந்த நம்பிக்கை என்ன? காசநோய் தீர நல்ல காற்று வேண்டும், நீண்ட ஓய்வு வேண்டும், பாலும் முட்டையும் வேண்டும், மக்களிடமிருந்து விலகிய நலவாழ்வு விடுதி வேண்டும் என்பது. அப்படியானால், ஓலைக் குடிசையில் எட்டுப் பேரோடு உறங்குபவன் என் செய்வான்? அவனுக்கு நோய் தீராது என்பதுதான் அந்த நம்பிக்கையின் சொல்லப்படாத முடிவு. விதி என்ற சொல்லை நீக்கிவிட்டு, வறுமை என்ற சொல்லை அந்த இடத்தில் எழுதினார்கள்; தீர்ப்பு மாறவில்லை.

வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் ஆய்வு நடந்தது. சென்னை நகரத்து ஏழை நோயாளர் 193 பேர், சார்பு ஏதுமின்றிக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் விடுதியில். மறு பிரிவினர் தத்தம் வீட்டில். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளிவந்தது. ஆண்டு முடிவில் நோய் தணிந்தவர்கள் விடுதியில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு தரத்தில் தாழ்ந்தது. ஓய்வு குறைவு. இடமோ நெருக்கடி. இருந்தும் முடிவில் இவ்வளவு சிறிய வேற்றுமை! வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து உறுதி செய்தனர்.

உலகெங்கும் நலவாழ்வு விடுதிகளின் காலம் முடிவுற இந்த ஆய்வு ஒரு பெருங்காரணமாயிற்று. குடிசை, குற்றவாளியன்று என்று தீர்ப்பு எழுதப்பட்டது. எழுதியது சென்னை, எழுதுவதற்குத் தம் உடலையே சான்றாகத் தந்தவர்கள் நம் ஏழை மக்கள்.

இரண்டு பாதைகள்

ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. வீட்டில் இருப்பவர் மருந்தை உண்கிறாரா என்ற கேள்வி எழுந்தது. ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சிலர் ஒழுங்காக உண்ணவில்லை என்பது தெரிந்தது.

அன்று கொடுத்த மருந்து எத்தகையது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஐசோனியசிட்டோடு சேர்த்துத் தரப்பட்ட 'பாஸ்' என்னும் மருந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம். வயிற்றைப் புரட்டும் பொருளை, ஓராண்டு முழுவதும், உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய பிறகும், நாள்தோறும் விழுங்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதனைச் செய்து முடித்திருப்போம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. மனிதனைக் காவல் காப்பது ஒரு பாதை. மருந்தைத் திருத்துவது மற்றொரு பாதை. சென்னை நிலையம் இரண்டிலும் நடந்தது. நோயாளி வாரத்தில் இருமுறை நிலையத்துக்கு வந்து, பணியாளரின் கண்ணெதிரே மருந்து பெறும் முறையைச் சோதித்து 1964இல் வெற்றி கண்டது. பின்னர் வாரம் ஒருமுறை போதுமா என்று பார்த்தபோது, விரைந்து சிதைக்கும் கல்லீரல் உடையோரிடம் அது தோற்றது. அந்தத் தோல்வியை நோயாளியின் தலையில் சுமத்தினார்களா? இல்லை. மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் ஐசோனியசிட் வடிவத்தை 1970களில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். "இவன் உடல் இப்படி, ஆகவே மருந்து அப்படி ஆகட்டும்" என்று அறிவு தலைவணங்கிய இடம் அது. அந்த வணக்கத்தையே நாம் அறம் என்கிறோம்.

வகுப்பறையில் நாம் நாள்தோறும் காண்பதும் இதுதான். பாடம் புரியாத மாணவனை மக்கு என்று பெஞ்சின்மேல் நிறுத்துவது எளிது. பாடத்தை அவனுக்குப் புரியுமாறு மாற்றுவது கடினம். எளிய வழியில் ஆசிரியருக்கு வேலை மிச்சம். மாணவனுக்கு வாழ்வு மிச்சமில்லை.

எதிர்வாதம்

"அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி, மழுப்பக் கூடாது. பாதியில் மருந்தை விடுபவரின் உடலில், மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்கலாம். அக்கிருமி இருமலோடு வெளிவந்து, ஏதுமறியாத அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலில் குடியேறலாம். அந்தக் குழந்தையின் உரிமைக்காகப் பேசச் சமுதாயத்துக்குக் கடமை உண்டு. கண்ணெதிரே மருந்து தரும் முறை, எண்ணற்ற உயிர்களைக் காத்த முறை என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பகுத்துப் பாருங்கள். கடமையைச் செய் என்று கட்டளையிட எவருக்கு உரிமை உண்டு? அக்கடமையைச் செய்யக்கூடியதாக ஆக்கித் தந்தவருக்கே உண்டு. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருந்து வாங்கும் வேளையும் வேலை நேரமும் ஒன்றாக இருந்தால், அவர் மருந்துக்காகக் கூலியை இழக்க வேண்டும். அல்லது கூலிக்காக மருந்தை இழக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு அவரை நிறுத்திவிட்டு, தேர்ந்த பிறகு அதற்கு அலட்சியம் என்று பெயரிடுவது நீதியன்று. நிலத்தைக் கொடுக்காமல் விளைச்சலைக் கேட்கும் வழக்கு அது.

சொற்களே நம் உள்ளத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சிகிச்சையை இடையில் விட்டவரைக் குறிக்க மருத்துவ ஏடுகள் நெடுங்காலம் ஆண்ட ஆங்கிலச் சொல், கடன் தவணை தவறியவனைக் குறிக்கும் சொல். நோய் இருக்கலாம் என்று சோதனைக்கு வந்தவரைக் குறித்த சொல், காவல் நிலையத்தில் சந்தேகத்தின்பேரில் பிடித்து வைத்தவனைக் குறிக்கும் சொல். 2013இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டு சொற்களையும் கைவிட்டது. முன்னவர் இப்போது, தொடர்பு விடுபட்டுப் போனவர். அதாவது, தொடர்பைக் காக்கவேண்டிய இன்னொருவரும் உண்டு என்று அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. சொல்லில் நேர்ந்த சிறு மாற்றந்தானே என்று தள்ளிவிடாதீர்கள். இழிசொல் ஒன்றை வழக்கிலிருந்து நீக்க எத்தனை போராட்டம் வேண்டும் என்பதை அறிந்தவர்கள் இந்த மண்ணின் மக்கள்.

ஆராய்ச்சிக்கு ஓர் உரைகல்

இன்று ஆய்வுக்கூடங்களில் நடப்பது என்ன? சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், காசநோய் மருந்துகளைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் பொதிந்து எலிகளுக்குக் கொடுத்தனர். பத்து நாளைக்கு ஒருமுறையாக ஐந்தே தடவை கொடுத்ததில், எலிகளின் உறுப்புகளில் கிருமி தென்படவில்லை என்று 2003இல் அறிவித்தனர். இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார், மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் துகளாக்கி, கிருமி ஒளிந்திருக்கும் அணுக்களுக்கே நேராக அனுப்பும் வழியைத் தேடினர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், மருந்து வில்லைகளைக் கோத்த ஒரு கம்பிச் சுருளை மூக்கு வழியே இரைப்பைக்குள் செலுத்தி, அது சில வாரங்களுக்கு மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடுவதைப் பன்றிகளிடம் சோதித்து 2019இல் வெளியிட்டனர். இவை விலங்குகளில் கண்ட வெற்றிகள். எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பகுத்தறிவாளர் அறிவியலின் பெயரால் வரும் அவசர நம்பிக்கையையும் ஐயுற வேண்டும்.

இவற்றோடு வேறொரு வகையும் உண்டு. மாத்திரைக்குள்ளேயே உணர்கருவி ஒன்றைப் பதித்து, அது வயிற்றை அடைந்ததும் செய்தி அனுப்பும் மருந்து ஒன்றுக்கு 2017இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மனநோயாளருக்கான மருந்து அது. நம் நாட்டிலும் ஒரு முறை வந்தது. மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு அழைப்பு விடுத்தால், அன்றைய மருந்து உண்டதாகக் கணக்கு. நாள்தோறும் நிலையத்துக்கு நடக்கும் தொல்லையை அது குறைத்தது உண்மை. ஆயினும் மாத்திரையின் எண்ணிக்கையோ கசப்போ அதனால் குறையவில்லை.

இந்த இரண்டு வகைக்கும் ஒரே உரைகல்லை வைத்துப் பாருங்கள். இந்தக் கண்டுபிடிப்பு நோயாளியின் சுமையை இறக்குகிறதா? அல்லது சுமையை அவன் தோளிலேயே விட்டுவிட்டு, சுமக்கிறானா என்று பார்க்க ஆள் வைக்கிறதா? முன்னது தொண்டு. பின்னது சில வேளை தேவைப்படலாம். ஆனால் அதனைத் தொண்டு என்று பெயரிட்டு அழைக்க வேண்டாம். கம்பிச் சுருளுக்கும் இதே உரைகல்தான். நோயாளி விரும்பி ஏற்றால், நாட்கூலிக்காரருக்கு அது விடுதலை. "உன்னை நம்பமாட்டோம், உள்ளே வைத்துவிடுவோம்" என்றால், அதுவும் ஒரு விலங்கே.

சோறும் மருந்தே

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சென்னை ஆய்வை ஒருவர் தலைகீழாகப் படிக்கக்கூடும். "நல்ல உணவு இன்றியே ஏழைக்கு நோய் தீர்ந்ததே, பின் உணவு எதற்கு?" என்று கேட்கக்கூடும். அறிவியலை வறுமைக்கு வழக்கறிஞராக்கும் சூழ்ச்சி அது! மருந்து போதிய அளவில் சேர்ந்தால் நோய் தணியும் என்றுதான் ஆய்வு சொன்னது. பசி நல்லது என்று சொல்லவில்லை. பசித்த உடலில்தான் காசநோய் எளிதில் பற்றும். ஜார்க்கண்டில் காசநோயாளரின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள் அளித்துப் பார்த்தார்கள். அக்குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது கிட்டத்தட்ட 40 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாயின! சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு ஊட்டத்துக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த அரசு, 2024 நவம்பரில் அதனை 1,000 ரூபாய் ஆக்கியது. அந்தப் பணம் உரிய நாளில் உரியவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதும், மருந்து சேர்ப்பிக்கும் ஆராய்ச்சியின் ஒரு பகுதி என்றே நாம் கொள்வோம்.

இரைப்பையின் அமிலத்தைக் கடக்க மருந்துக்கு உறை பூசலாம். கல்லீரலைக் கடக்க அதனை மெல்லக் கரையச் செய்யலாம். ஆனால் வறுமை என்ற சாவடி, உடலுக்கு வெளியே இருக்கிறது. அதனைக் கடக்கும் உறையை எந்த ஆய்வுக்கூடமும் செய்து தராது. அது நாம் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே, இளந்தோழர்களே, உங்கள் தெருவில் ஒருவர் மருந்தை இடையில் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டால், "ஏன் விட்டான்?" என்று தொடங்காதீர்கள். மாத்திரை குமட்டுகிறதா? வயிற்றில் சோறு உண்டா? மருந்து வாங்கும் நேரம் வேலை நேரமா? மருந்து உண்டும் குணமில்லையா. அப்படியானால் மருத்துவர் மீண்டும் சோதித்தாரா? இந்த நான்கையும் முதலில் கேளுங்கள். விடை கிடைத்ததும் அவரோடு மருத்துவமனைக்கு நடந்து செல்லுங்கள். வள்ளுவர் கூறிய நான்காவது கூறு, உடனிருந்து உதவுபவன், இன்று நம் ஊர்களில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் பணியிடம். அதற்குப் பட்டம் வேண்டாம், பரிந்துரை வேண்டாம். நாளைக் காலையிலேயே சேரலாம்.